இடப்பக்கக் கண்ணாடி

காலை ஏழரை மணியளவில் திருநெல்வேலிச் சந்தியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பலாலி வீதி வழியே நகரத்துக்கு வேலைக்குச் செல்வோரும், பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரும், சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரரும், பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு விரையும் பெற்றோரும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு போவர். அவர்களுட் பலர் ஏறியிருப்பது மோட்டார் சைக்கிள். அவ்வண்டிகளின் ஹாண்டிலை மட்டும் உற்று நோக்குங்கள். வலப்பக்கக் கண்ணாடி அநேகமாக இருக்கும். இடப்பக்கக் கண்ணாடி பலவற்றில் இராது. இருக்கின்றவற்றுள்ளும் சில ஆகாயத்தைப் பார்த்தபடியோ, ஓட்டுபவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடியோ திரும்பிக் கிடக்கும்.

இந்த வேறுபாட்டை நானும் நெடுங்காலம் கவனித்ததில்லை. கவனிக்க நேர்ந்த விதம் பெருமைப்படத் தக்கதன்று. ஆயினும் அதை எழுதத்தான் வேண்டும். மாணவருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள், தாம் புத்தி கற்ற கதையையும் இடைக்கிடை சொல்லுவது நியாயமன்றோ?

என் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி சந்தை வாசலிலேதான் போயிற்று. வண்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் இடத்தில் வேறொரு வண்டியின் ஹாண்டில் இடித்து, கண்ணாடித் தண்டு சுழன்று, அது பூட்டப்பட்டிருந்த துளையின் புரி தேய்ந்துவிட்டது. அத்துளை கிளச் பிடியைத் தாங்கும் அலுமினிய வார்ப்பிலேயே இருப்பது. அலுமினியம் மென்மையானது, உருக்குத் தண்டு அதில் இரண்டொரு முறை தவறாகச் சுழன்றால் புரி அழிந்துபோகும். வார்ப்பு முழுவதையும் மாற்றவேண்டும் என்றார் கராச்காரர். அது 2022ஆம் ஆண்டு. நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்த காலம். உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை இருமடங்கு. "வலப்பக்கம் இருக்கிறதே, அது போதும்" என்று இருந்துவிட்டேன்.

அவ்வாண்டின் நடுப்பகுதியை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோம். யூலை மாதத்தில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபொழுது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என அளந்து கொடுத்தார்கள். பரணிற் கிடந்த பழைய சைக்கிள்கள் மீண்டும் இறங்கின. உத்தியோகத்தர்களும் விரிவுரையாளர்களுங்கூட மிதித்துக்கொண்டு போனார்கள். வீதியின் இடக்கரை நெடுகச் சைக்கிள்கள் நிரம்பின. சைக்கிளை ஒருபோதும் கைவிட்டிராதவர்களும் அக்கரையிலேதான் வழக்கம்போலச் சென்றுகொண்டிருந்தார்கள். தோட்டக் கூலிகள், கடைச் சிப்பந்திகள், மேசன்மார், கீரை விற்கும் பெண்கள் ஆகியோர் அவர்கள்.

அக்காலத்தில் ஒருநாள் காலை நகரப் பக்கமிருந்து பலாலி வீதியால் வந்து, திருநெல்வேலிச் சந்தியில் இடப்புறமாக ஆடியபாதம் வீதிக்குத் திரும்பினேன். சிக்னல் போட்டேன். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு மினிபஸ் வந்தது. அதற்கு வழிவிடும் அவசரத்தில் சட்டென்று இடப்புறம் ஒடித்தேன். இடக்கரையில் என்னோடு சமமாக ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. என் வண்டியின் பின்பகுதி அதன் முன் சில்லைத் தட்டியது. சைக்கிள் சரிந்தது. கரியரிற் கட்டியிருந்த கீரைப்பிடிகள் வீதியெங்கும் சிதறின. ஏறத்தாழ அறுபது வயதுப் பெண்ணொருத்தி இடது கையை நிலத்தில் ஊன்றியபடி விழுந்து கிடந்தார்.

தூக்கி இருத்தினோம். மணிக்கட்டு வீங்கத் தொடங்கிவிட்டது. "நான் காணேல்லை அக்கா" என்றேன். உண்மையும் அதுதான். அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு சொன்னார்:

"காணேல்லையெண்டால், பாக்கேல்லையெண்டுதானே தம்பி."

எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபின், கையில் இருந்த பணத்தை நீட்டினேன். அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கணக்கொன்று சொன்னார். "ஆறு கிழமைக்கு நான் தோட்டத்துக்குப் போகேலாது. அந்த நாட்கூலியைத் தாங்கோ. அண்டைக்குக் கொட்டிண்ட கீரையின்ர காசையும் தாங்கோ. மேல எனக்கொண்டும் வேண்டாம்." அவர் கேட்டது கருணையையன்று, நட்டத்துக்குரிய ஈட்டையே. அக்கணக்கின்படி கொடுத்தேன். பணக் கணக்கு அதோடு தீர்ந்தது. "பாக்கேல்லை" என்ற சொல் மட்டும் தீரவில்லை.

ஏன் நான் பார்க்கவில்லை? கண்ணாடி இல்லை என்பது பாதி விடை. அது உடைந்த அன்றே அதை மாற்றாமல் மாதக்கணக்கில் இருந்தேனே, அது ஏன்? வலப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தால் மறுநாளே மாற்றியிருப்பேன். இதை எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. நம் நாட்டில் வண்டிகள் இடக்கரையாற் செல்கின்றன. முந்துகின்றவை வலப்புறமாக வருகின்றன. பஸ், லொறி, வான் ஆகிய வலியவை யாவும் வலப்பக்கக் கண்ணாடியில் தோன்றும். அவை நம்மை நசுக்கக்கூடியவை. இடப்பக்கக் கண்ணாடியில் தோன்றுவோர் சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளும். அவர்களால் நமக்கு உயிராபத்து இல்லை. நம்மாலேதான் அவர்களுக்கு ஆபத்து. நம்மைக் காக்கும் கண்ணாடியைப் பேணுகிறோம். பிறரைக் காக்கும் கண்ணாடியைக் கழற்றி எறிகிறோம். சந்தியில் நின்று பார்க்கச் சொன்னேனே, அந்தக் காட்சியின் பொருள் இதுதான்.

வலப்புறத்தைப் பார்த்து அஞ்சுவதற்கு நமக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பலாலி வீதி படைத்தளத்துக்குச் செல்லும் வீதி. 1996ஆம் ஆண்டுக்குப் பிந்திய யுத்த ஆண்டுகளில் இராணுவத் தொடரணி வரும்பொழுது நாம் வீதியோரத்தில் ஒதுங்கி நின்றவர்கள். பின்னால் வருவது யார், என்ன என்று பார்ப்பது அன்று உயிரோடு சம்பந்தப்பட்ட பழக்கமாக இருந்தது. அதற்கும் முன், 1990 முதல் 1995 வரையிலான பொருளாதாரத் தடைக் காலத்தில், குடாநாட்டுக்குப் பெற்றோல் வர அனுமதி இருக்கவில்லை. சில துளி பெற்றோலிலே வண்டியைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அன்று குடாநாடே சைக்கிளில் ஓடியது. நோயாளியும் விறகும் சீமெந்தும் சைக்கிளில் ஏறின. மிதிப்பவரே வீதியில் பெரும்பான்மையோராக இருந்ததனால் அவரைக் காணாதிருப்பது அன்று எவருக்கும் முடியாத காரியம்.

2009க்குப் பின்னர் நிலைமை மாறியது. வீதிகள் அகன்று காப்பெற் வீதிகளாயின. லீசிங் கம்பனிகள் வந்தன. தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வீடுதோறும் வந்து சேர்ந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தூரத்து வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும், பஸ் நேரத்துக்கு வராத கிராமத்து ஆசிரியைக்கும் அது ஒரு விடுதலையாகவே இருந்தது. ஆனால் ஏறியவர் ஏறாதவரை மறக்க நெடுநாள் ஆகவில்லை. நேற்று வரை இடக்கரையில் மிதித்தவர்கள்தாம் இன்று இடப்பக்கக் கண்ணாடி வேண்டாம் என்கிறோம்.

சரி, கண்ணாடியைப் பூட்ட வேண்டும். புரி அழிந்த வார்ப்பிலே பூட்ட முடியாது. என்ன வழி என்று கராச் ஒன்றிற் கேட்டேன். அங்கே வேலை செய்யும் இளைஞர் என்னிடம் படித்தவர். "ஹாண்டில் நுனியில பூட்டிற கண்ணாடி போடலாம், சேர். அதுக்கு இந்தப் புரியே தேவையில்லை" என்றார். பிறகு சற்றே சிரித்து, "நீங்கள்தானே வகுப்பில அதை ஆனைக்காது எண்டு சொன்னனீங்கள்?" என்றார்.

சொன்னது உண்மைதான். ஹாண்டிலின் இரு நுனிகளிலும் வட்டக் கண்ணாடி நீட்டிக்கொண்டு வந்த மாணவர்களை வகுப்பில் வைத்துப் பரிகசித்திருக்கிறேன். அது வெறும் சிங்காரம் என்பது என் தீர்ப்பாக இருந்தது. ஒரு பொருளை அறியாமலே அதன்மீது தீர்ப்பளிப்பதும் 'பாக்கேல்லை' என்பதன் இன்னொரு வகைதான்.

அவர் பூட்டிய முறையை இங்கே விரிவாகச் சொல்கிறேன். கைவேலையின் நியாயத்தை அறிவது படித்தவர்களாகிய நமக்கு நன்று.

ஹாண்டில் ஓர் உட்குழிந்த குழாய். அதன் வெளிவிட்டம் பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். உள்விட்டம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆதலால் முதலில் அவர் உள்விட்டத்தை அளந்தார். நுனியில் இருந்த இரும்புக் குமிழைத் திருகிக் கழற்றினார். அக்குமிழ் அழகுக்காக வைத்ததன்று. எஞ்சினின் அதிர்வு கையை மரக்கச் செய்யாதபடி அதைத் தணிக்கும் பாரம் அது. அதற்குப் பதிலாகப் பூட்டும் கண்ணாடியின் அடிப்பாகமும் போதிய பாரமுள்ளதாக இருக்கவேண்டும். அந்த அடிப்பாகத்தில் இரண்டு உலோகக் கூம்புகளுக்கிடையே றப்பர் வளையம் ஒன்று உண்டு. அதைக் குழாய்க்குள் செலுத்தி, அலன் கீயினால் திருக, கூம்புகள் நெருங்கும்; றப்பர் பிதுங்கி விரிந்து குழாயின் உட்சுவரை இறுகப் பற்றும். புரியும் வேண்டாம், துளையும் வேண்டாம்.

வலப்பக்கத்தில் மட்டும் கூடிய கவனம் வேண்டும். அங்கே கைபிடி சுழல்வது, அதுதான் அக்சிலேற்றர். கைபிடி றப்பரின் மூடிய நுனியை ஒழுங்காக வெட்டித் திறந்து, கண்ணாடியின் அடிப்பாகத்துக்கும் கைபிடிக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விட்டார். பின் அக்சிலேற்றரை முழுவதும் முறுக்கிக் கைவிட்டார். அது தானாகவே 'டக்' என்று மூடவேண்டும். ஹாண்டிலை இடப்புறம் முழுவதும் திருப்பி ஒருமுறை, வலப்புறம் முழுவதும் திருப்பி ஒருமுறை மீண்டும் அதே சோதனை. "இதில பிடிச்சால் வண்டி நிக்காது சேர், ஆளைக் கொல்லும்" என்றார். கண்ணாடி பெற்றோல் தாங்கியிலும் முழங்காலிலும் முட்டாதிருப்பதையும் பார்த்தார். இத்தனைக்கும் எடுத்த நேரம் அரை மணி. அவரை நான் வகுப்பில் மந்தமான மாணவர் என மதிப்பிட்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியின் கதை, வாகனங்களின் கதையளவு பழையது. இங்கிலாந்தில் டொறொதி லெவிற் என்ற பெண் 1909இல் 'பெண்ணும் காரும்' என்றொரு நூல் எழுதினார். காரோட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை அருகில் வைத்திருந்து, வேண்டியபொழுது உயர்த்திப் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று அதில் ஆலோசனை கூறினார். 1911இல் அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டப் போட்டியில் றே ஹறூன் என்பவர் தனியாளாக ஓடி வென்றார். மற்றக் கார்களில் ஓட்டுநரின் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அமர்ந்து பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்வார். ஹறூன் அந்த ஆளை விட்டுவிட்டு ஒரு கண்ணாடியைப் பூட்டினார். செங்கல் பாவிய பாதையில் அது ஓயாமல் அதிர்ந்ததால் அதிற் பெரிதாக எதையும் காண முடியவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒரு மனிதனின் கண்ணுக்குப் பதிலாக வைக்கப்பட்ட கண்ணாடி, அம்மனிதனின் வேலையை முழுவதும் செய்துவிடாது. ஹாண்டில் நுனிக் கண்ணாடியோ, 1950களிலும் 1960களிலும் பிரித்தானியத் தொழிலாள இளைஞர் தாழ்ந்த ஹாண்டில் பூட்டி ஓட்டிய 'கபே ரேசர்' வண்டிகளோடு சேர்த்து இன்றும் பேசப்படுவது. வேலை முடிந்த மாலையில் தம் கையாலேயே வண்டியைத் திருத்தி அமைத்தவர்கள் அவர்கள். சிங்காரம் என்று நான் பழித்தது அப்படிப்பட்டவர்களின் கைத்திறனை.

பூட்டியாயிற்று, பாவிப்பது எப்படி? இதை அறிய என் வகுப்பு மாணவரின் துணையை நாடினேன். ஒருநாள் பாடம் முடிந்தபின் வண்டியைப் பள்ளி முற்றத்தில் நிமிர்த்தி நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, நான் ஏறி அமர்ந்தேன். கண்ணாடியை ஆசனத்தில் இருந்தபடியேதான் சரிசெய்ய வேண்டும். அதன் உள்விளிம்பில் நம் கையின் ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் போதும். மீதி முழுவதும் வீதிக்குரியது. பக்கத்திலே சக ஆசிரியர் ஒருவரின் வண்டி, தண்டுக் கண்ணாடியோடு நின்றது. அதன் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கை முழங்கையும் தோளும் மறைத்தன. ஒரு மாணவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடப்புறம் பின்னாலிருந்து மெல்ல முன்னேறி வந்தாள். அவள் கண்ணாடியிலிருந்து மறையும் இடத்தைச் சோக்கினால் நிலத்திற் குறித்தோம். தண்டுக் கண்ணாடியில் அவள் முந்தியே மறைந்தாள். நுனிக் கண்ணாடியில் மேலும் பல அடி நெருங்கும்வரை தெரிந்தாள்.

ஆனால் இதிலும் மறைந்தாள். கண்ணாடியில் மறைந்த இடத்துக்கும், என் கடைக்கண்ணில் அவள் தோன்றிய இடத்துக்கும் இடையே ஓர் எட்டளவு தூரம் அவள் எதிலும் தெரியவில்லை. "சேர், நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றாள் அவள், என் தோளுக்கருகில் நின்றுகொண்டு. எந்தக் கண்ணாடியும் எட்டாத அந்த இடத்தைக் காண்பதற்கு வழி ஒன்றே: கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்த்தல். கண்ணாடியைப் பார், தோளுக்கு மேலாகப் பார், பின்பு திரும்பு. அன்று நாங்கள் எழுதிக்கொண்ட விதி இதுதான்.

இன்னொன்றும் கண்டோம். இக்கண்ணாடி வீட்டுச் சுவரிலுள்ள தளவாடி போன்றதன்று, குவிவாடி. பரந்த இடத்தைச் சிறிய கண்ணாடிக்குள் அடக்குவதற்காக அது புடைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 81ஆம் இலக்க ஒழுங்குவிதி, இத்தகைய கண்ணாடியின் வளைவாரை 1000 மில்லிமீற்றருக்கும் 1500 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும் என்றும், வட்டக் கண்ணாடியாயின் விட்டம் 94 மில்லிமீற்றரிற் குறையலாகாது என்றும் கூறுகிறது. கடைகளில் விற்கும் மிகச் சிறிய கண்ணாடிகளை வாங்க எண்ணுவோர் இந்த அளவை நினைவிற் கொள்ளட்டும். மாணவர் கரும்பலகையிற் கணக்குச் செய்தனர். வளைவாரை 1200 மில்லிமீற்றர். கண்ணாடி கண்ணிலிருந்து 70 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. சைக்கிளில் வருபவர் கண்ணாடிக்குப் பின்னால் 10 மீற்றரில் வருகிறார். தளவாடியில் தெரியும் உயரத்தின் பாதியளவாகவே அவர் குவிவாடியில் தெரிவார். அதாவது 20 மீற்றருக்கும் அப்பால் வருபவர்போலத் தோன்றுவார். "இன்னும் தூரத்தில்தான் வருகிறார்" என்று நாம் திரும்பிவிடுவோம். அவரோ நம் பின்சில்லுக்கு அருகில் வந்திருப்பார்.

கண்ணாடி பின்னால் வருபவரைச் சிறியவராகவும் தூரத்தவராகவும் காட்டும். அவர் சிறியவரும் அல்லர், தூரத்தவரும் அல்லர். பௌதிகவியற் பாடத்துக்கு அப்பாலும் இது உண்மை என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கண்ணாடிக்குக் குறைகளும் உண்டு. வண்டியின் அகலம் ஒவ்வொரு புறமும் சில சென்ரிமீற்றர் கூடுகிறது. நம்மூர் ஒழுங்கைகளில் மதிலிலும் கிடுகு வேலியிலும் உராய்கிறது. நெரிசலில் சைக்கிளோட்டியின் கையைத் தட்டிவிடவும் கூடும். காக்க வைத்த கருவி அவரையே காயப்படுத்தலாகாது. சந்தையில் நிறுத்தினால் யாராவது இடித்துக் கோணலாக்கிவிடுவர். ஆகையால் ஒவ்வொரு முறையும் ஏறியவுடன் கண்ணாடியைச் சரிபார்ப்பது என் பழக்கமாயிற்று. கிழமைக்கொருமுறை அலன் கீயினால் இறுக்கிக்கொள்கிறேன். பார்வையைச் சற்றுத் தாழ்த்திப் பக்கவாட்டில் செலுத்தவேண்டியிருப்பதால், முதல் இரண்டு வாரம் கண்ணுக்குப் பழகவில்லை, பிறகு பழகிவிட்டது.

ஒரு சோடிக் கண்ணாடியால் வீதியின் அநீதி தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. வீதியை அகலமாக்கும்போது சைக்கிளுக்கென இடக்கரையில் ஓர் ஒழுங்கான இடம் ஒதுக்கவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். பஸ் நேரத்துக்கு வருமானால் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் வாங்கும் தேவை பாதியாகும் என்பதையும் கேட்க வேண்டும். விபத்து நடந்தால் உடைந்த எலும்புக்கு மருந்து உண்டு, இழந்த நாட்கூலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டும். அந்தப் பெண் கணக்குக் கேட்டார். கேட்கத் தெரியாதவர் எத்தனை பேர்! இவையெல்லாம் கூட்டாகப் போராடிப் பெறவேண்டியவை. ஆனால் அவற்றைக் கேட்கும் நம் குரலுக்கு நேர்மை வேண்டுமாயின், நம் ஹாண்டிலின் இடப்பக்கம் வெறுமையாக இருக்கக்கூடாது. மேடையில் இடதுசாரியாக இருப்பது எளிது; வீதியில் இடப்புறத்தைப் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்பவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளி முற்றத்திலும் ஒருநாள் வண்டியை நிறுத்தி, சோக்கினால் அந்த இடத்தைக் குறித்துப் பாருங்கள். அரை மணி நேரமும் ஒரு சோக்குக் கட்டியும் போதும். மாணவரை ஆசனத்தில் அமர்த்துங்கள். பின்பு அவர்களையே அந்த மறைவிடத்திலும் நிறுத்துங்கள். இரண்டு இடத்திலும் நின்றவர் மறக்கமாட்டார்.

அந்தப் பெண்ணை இப்பொழுதும் சில காலைகளிற் காண்கிறேன். கை தேறிவிட்டது, ஆனால் பாரமான கட்டை இடது கையால் தூக்குவதில்லை. கரியரிற் கீரையைக் கட்டிக்கொண்டு இடக்கரையால் மிதித்து வருவார். என் கண்ணாடியில் முதலில் ஒரு புள்ளியாகத் தோன்றுவார். நான் வேகத்தைக் குறைப்பேன். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பேன். அவர் சந்தியைக் கடந்து சந்தைப் பக்கம் போன பின்னரே ஆடியபாதம் வீதிக்குத் திரும்புவேன். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.